வடம் பிடிக்கும் கூலி



2020 ஏப்ரல். கொரோனாவுக்குப் பயந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்த மாதம். புரதங்கள் எப்படி மடிகின்றன என்று ஆராயும் 'ஃபோல்டிங் அட் ஹோம்' திட்டம் அப்போது ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தன்னார்வலர்கள் இரவல் கொடுத்த வீட்டுக் கணினிகளின் மொத்த வேகம் நொடிக்கு 2.4 எக்ஸா கணக்குகளைத் தொட்டுவிட்டது என்பது செய்தி. ஒன்றுக்குப் பின்னால் 18 சுழி போட்டால் ஓர் எக்ஸா. அன்றைக்கு உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளை ஒரே கயிற்றில் கட்டினாலும் அவ்வளவு வேகம் தேறாது. இதற்காக யாரும் கட்டடம் கட்டவில்லை, ஏசி போடவில்லை, வாடகை கொடுக்கவில்லை.

ஐந்தாண்டுகூட ஆகவில்லை. 2025 ஜனவரியில் ஓப்பன்ஏஐ, சாஃப்ட்பேங்க், ஆரக்கிள் நிறுவனங்கள் வெள்ளை மாளிகையில் நின்று 'ஸ்டார்கேட்' திட்டத்தை அறிவித்தன. நான்கு ஆண்டுகளில் 50,000 கோடி டாலர். முதல் வளாகம் டெக்சாஸ் மாநிலத்தின் அபிலீன் என்ற ஊரில்.

ஊரார் வீட்டிலேயே இவ்வளவு கணிப்புத் திறன் சும்மா கிடக்கும்போது, பாலைநிலம் போன்ற ஓரிடத்தில் இத்தனை பணத்தைக் கொட்டுவானேன்? பரவலாக்கப்பட்ட கணிப்புக்கு வாதாடுகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு உணர்ச்சியால் விடை சொல்ல முடியாது. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட வேண்டும்.

வேலையின் குணத்திலிருந்து தொடங்குவோம். ஊர்ப் பொது வேலைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று அறுவடை. ஆளுக்கொரு பாத்தியைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் அவரவர் வேகத்தில் அறுத்துக் கட்டிப் போடலாம். ஒருவர் வெற்றிலை போட உட்கார்ந்தாலும் அடுத்தவர் வேலை நிற்காது. இன்னொன்று தேர் இழுப்பு. ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் குரல் கொடுத்த நொடியில் ஆயிரம் பேரும் சேர்ந்து இழுத்தால்தான் சக்கரம் அசையும்.

1999 மே மாதம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'செட்டி அட் ஹோம்' முழுக்க முழுக்க அறுவடை. அரெசிபோ வானொலித் தொலைநோக்கி பதிந்த இரைச்சலில் வேற்றுலகச் சமிக்ஞை ஏதாவது இருக்கிறதா என்று தேடும் வேலை அது. ஒரு கணினிக்கு அனுப்பும் பொட்டலம் ஏறத்தாழ 0.35 மெகாபைட்தான். அன்றைய கணினி அதை மணிக்கணக்கில் மென்றுகொண்டிருக்கும். தொலைபேசிக் கம்பியில் கீச்சிடும் மோடத்துக்கே அது போதுமானதாக இருந்தது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். 2020 மார்ச் 31 வரை வேலை பகிரப்பட்டது. அதில்கூட ஒரு மறைமுகச் செலவு இருந்தது. முகம் தெரியாதவர் அனுப்பும் விடையை அப்படியே நம்ப முடியாது. அதனால் ஒரே பொட்டலத்தை ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளுக்கு அனுப்பி விடைகளை ஒத்துப்பார்த்தார்கள். நம்பிக்கையின்மைக்குக் கொடுத்த விலை அது. ஒரு வேலைக்கு இரண்டு கூலி.

பெரிய மொழி மாதிரியைப் பயிற்றுவிப்பது தேர் இழுப்பு. ஆயிரக்கணக்கான ஜிபியுக்கள், அதாவது கணக்குப் போடும் சிப்புகள், ஆளுக்கொரு கட்டுப் பனுவலைப் படித்துப் பார்த்து, மாதிரியின் எண்களை எந்தப் பக்கம் எவ்வளவு திருத்த வேண்டும் என்று கண்டுபிடிக்கின்றன. அடுத்த அடி வைக்கும் முன் அத்தனை திருத்தங்களையும் கூட்டிச் சராசரி எடுத்து எல்லாரும் ஒரே எண்களுக்கு வந்து சேர வேண்டும். சில நொடிகளுக்கு ஒருமுறை இது நடக்கிறது, லட்சக்கணக்கான தடவை. ஒருவர் பிந்தினால் அத்தனை பேரும் காத்து நிற்க வேண்டியதுதான்.

இப்போது கடைத்தெரு விலைக்கு வருவோம். என்விடியாவின் எச்100 என்ற தரவு மைய ஜிபியு ஒன்று சந்தையில் சுமாராக 30,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 700 வாட் இழுக்கும். பயிற்சிக்குரிய 16 பிட் கணக்கில் நொடிக்கு ஏறத்தாழ 989 டெராஃபிளாப், அதாவது 989 லட்சம் கோடி கணக்கு, என்ற வேகம். 2022 அக்டோபரில் 1,599 டாலருக்கு வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4090 விளையாட்டுப் பிரியர்களின் கார்டு. 450 வாட், அதே வகைக் கணக்கில் ஏறத்தாழ 165 டெராஃபிளாப். ஆறு 4090 சேர்ந்தால் ஒரு எச்100.

டாலருக்கு 85 ரூபாய், மின்சாரம் யூனிட்டுக்கு 8 ரூபாய், கார்டின் ஆயுள் நான்கு ஆண்டு என்று கொள்வோம். எச்100க்கு ஆண்டுத் தேய்மானம் 6.4 லட்சம் ரூபாய். இரவும் பகலும் ஓடினால் 6,132 யூனிட், அதற்கு 49,000 ரூபாய். ஆகமொத்தம் ஏழு லட்சத்தை நெருங்கும். ஆறு 4090க்கு ஆண்டுத் தேய்மானம் 2 லட்சம்தான். ஆனால் மின்சாரம் 1.9 லட்சம் ரூபாய். ஆகமொத்தம் 4 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதாவது வீட்டு கார்டு வாங்குவதற்கு மலிவு, ஓட்டுவதற்கு நான்கு மடங்கு செலவு. அப்படியிருந்தும் கூட்டிப் பார்த்தால் வீட்டு கார்டுதான் ஜெயிக்கிறது. பரவலாக்கத்தின் ஆதரவாளர்கள் கைதட்டுவது இந்த இடத்தில்தான். அவர்கள் காட்டும் விளம்பரத் தாள்களும் பெரும்பாலும் இந்த வரியோடு முடிந்துவிடுகின்றன.

கம்பிக் கணக்கு இனிமேல்தான் வருகிறது.

1,000 கோடி எண்களைக் கொண்ட, இன்றைய அளவுக்குச் சிறியதொரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஓர் எண்ணுக்கு இரண்டு பைட் என்றால் ஒவ்வோர் அடிக்கும் பரிமாற வேண்டிய திருத்தம் 20 கிகாபைட். ஒரே பெட்டிக்குள் இருக்கும் எச்100 கார்டுகளை இணைக்கும் என்விலிங்க் கம்பி, போக்கும் வரவும் சேர்த்து நொடிக்கு 900 கிகாபைட் கடத்தும். 20 கிகாபைட் ஒருபக்கம் போக நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. வீட்டில் இருப்பதோ 100 மெகாபிட் ஃபைபர். நொடிக்கு 12.5 மெகாபைட். அதே 20 கிகாபைட்டை அனுப்ப 1,600 நொடி வேண்டும், கிட்டத்தட்ட 27 நிமிடம். சில நொடி வேலைக்கு 27 நிமிடக் காத்திருப்பு! வடம் பிடித்தவர்கள் ஒரு முறை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டே வரலாம். தேர் எப்போது நிலைக்கு வரும்?

இடமும் பற்றாது. 4090இன் நினைவகம் 24 கிகாபைட். மெட்டா நிறுவனத்தின் லாமா 3.1 மாதிரிகளில் பெரியதற்கு 40,500 கோடி எண்கள், வெறும் எண்களுக்கே 810 கிகாபைட். மாதிரியை உட்கார வைக்கவே 34 கார்டுகள் தேவை. பயிற்றுவிக்க அதைப்போலப் பல மடங்கு.

ஆகவே தரவு மையத்தில் விலை கொடுத்து வாங்கப்படும் முதன்மையான சரக்கு அருகாமை. சிப்பு அதற்கு அடுத்துதான். ஒரே மண்டபத்தின் கூரையின்கீழ் நெருக்கியடித்து நிற்பதற்குத்தான் அந்தக் கோடிகள்.

இந்தக் கம்பிக் கணக்கை உடைக்க முயன்றவர்களும் உண்டு. அவர்களைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. 2023 நவம்பரில் கூகுள் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் 'டிலோகோ' என்ற முறையை வெளியிட்டார்கள். அடிக்கு ஒருமுறை ஒத்துப்பார்க்காமல் ஒவ்வொரு குழுவும் தன்போக்கில் சில நூறு அடி நடந்துவிட்டுப் பிறகு கூடிப் பேசிக்கொள்வது அதன் உத்தி. ஓராண்டு கழித்து பிரைம் இன்டெலக்ட் என்ற நிறுவனம் இதை மெய்ப்பித்துக் காட்டியது. இன்டெலக்ட்-1 என்ற 1,000 கோடி எண் மாதிரி மூன்று கண்டங்களில் ஐந்து நாடுகளில் இருந்த கணினிகளில் ஒரே நேரத்தில் பயிற்றுவிக்கப்பட்டது. 100 அடிக்கு ஒருமுறை மட்டும் பேச்சு. அனுப்பும் திருத்தத்தையும் நான்கில் ஒன்றாகச் சுருக்கினார்கள். தகவல் போக்குவரத்து 400 மடங்கு குறைந்தது. கண்டங்களைத் தாண்டியும் கணினிகள் தங்கள் நேரத்தில் 83 சதவீதத்தைக் கணக்குப் போடுவதிலேயே செலவிட்டன. சாதாரணச் சாதனையல்ல.

ஆனால் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். அதில் பங்கேற்றவை வீட்டு மேசைக் கணினிகள் அல்ல. எட்டு எட்டு எச்100 அடங்கிய தரவு மையப் பெட்டிகள், உச்சத்தில் 14 பெட்டிகள், 112 ஜிபியு. பெரிய மண்டபம் ஒன்றுக்குப் பதில் பல சிறு மண்டபங்கள், அவ்வளவுதான். அந்த மாதிரிக்குச் செலவான மொத்தக் கணிப்பைப்போல லாமாவின் பெரிய மாதிரிக்கு 600 மடங்குக்கு மேல் செலவானது. முறை சரி என்று நிரூபணமாகிவிட்டது. அளவில் எட்டிப் பிடிக்க நெடுந்தூரம் இருக்கிறது.

பெரியவர்களும் ஒரே கூரைக்குள் அடங்கவில்லை என்பது இன்னொரு பக்கம். முதல் ஜெமினி மாதிரியைப் பல தரவு மையங்களில் பிரித்துப் பயிற்றுவித்ததாக கூகுள் 2023லேயே எழுதியது. சிதறலை அவர்கள் கொள்கையாக ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டாம். இத்தனை ஆயிரம் சிப்புகளுக்கு ஒரே இடத்தில் இடமும் மின்சாரமும் கிடைப்பது எளிதல்ல.

மண்டபத்துக்குள்ளே எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா? மெட்டா தன் லாமா பயிற்சியின் கணக்கைத் திறந்தே வைத்தது. 16,384 எச்100 கார்டுகள் சேர்ந்து ஓடிய 54 நாட்களில் எதிர்பாராத தடங்கல்கள் 419. மூன்று மணிக்கு ஒன்று. பாதிக்கு மேல் ஜிபியுவும் அதன் நினைவகமும் பழுதானதால் வந்தவை. உச்சி வெயில் நேரத்து வெப்பமாற்றத்தால் வேகம் ஓரிரண்டு சதவீதம் ஏறி இறங்கியதையும் குறித்துவைத்திருக்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட நேரம் பயனுள்ள வேலை நடந்தது. பழுதான கார்டைப் பிடுங்கிவிட்டு மாற்றுக் கார்டை ஓட விடுவதற்கு ஆளும் மென்பொருளும் பக்கத்திலேயே இருந்தன. இதே தடங்கல் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வீடுகளில், மின்வெட்டும் எலி கடித்த கம்பியுமாக வந்தால் எண்ணிக்கை என்னவாகும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

மண்டபக்காரருக்கு வேறொரு பயம் உண்டு. சற்றுமுன் போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். எச்100இன் ஆண்டுச் செலவில் மின்சாரம் ஏழு சதவீதம்தான், மீதி அத்தனையும் தேய்மானம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது கரையும். பாதி நேரம் சும்மா கிடந்தால் மணிக்கூலி ஏறக்குறைய இருமடங்கு. வாடகைச் சந்தையின் ஆட்டங்களை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அமேசான் 2023இல் எட்டு எச்100 கொண்ட பெட்டியை மணிக்கு 98.32 டாலருக்கு வாடகைக்கு விட்டது. 2025 ஜூனில் அந்த விலையை 44 சதவீதம் குறைத்தது. நான்கு ஆண்டு வாடகை இதே அளவில் வரும் என்று நம்பிக் கடன் வாங்கிச் சிப்பு வாங்கியவர்களின் முகம் அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்!

டீப்சீக் விவகாரத்தையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். வி3 மாதிரியைப் பயிற்றுவிக்க 27.88 லட்சம் ஜிபியு மணி, மணிக்கு 2 டாலர் வாடகை, ஆக 55.76 லட்சம் டாலர் என்று அந்தச் சீன நிறுவனம் எழுதியது. இது கடைசி ஓட்டத்தின் வாடகைக் கணக்கு மட்டும்தான், முந்தைய ஆய்வுகளும் சோதனைகளும் சேரவில்லை என்றும் அதே அறிக்கையில் எழுதியிருந்தது. இரண்டாவது வாக்கியத்தை யாரும் படிக்கவில்லை. 2025 ஜனவரி 27 அன்று ஒரே நாளில் என்விடியாவின் சந்தை மதிப்பு 50,000 கோடி டாலருக்கும் மேல் சரிந்தது. வாசிப்புப் பழக்கம் குறைந்ததால் ஏற்பட்ட நஷ்டங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சிதறல் மண்டபமாக மாறிய கதை ஒன்று. 2017இல் நியூ ஜெர்சியில் எதிரியம் என்ற மின்காசை ஜிபியுவால் கணக்குப் போட்டுத் தோண்டுவதற்காக ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே தோண்டலாம், மத்திய வங்கி வேண்டாம் என்ற கனவின் காலம் அது. 2022 செப்டம்பர் 15இல் எதிரியம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது உலகம் முழுக்கத் தோண்டிய ஜிபியுக்களுக்கு வேலை போயிற்று. இந்த நிறுவனம் அதற்கு முன்பே தடம் மாறிவிட்டது. கோர்வீவ் என்ற பெயரில் செயற்கை நுண்ணறிவுக்கு மண்டபங்களை வாடகைக்கு விட்டு 2025 மார்ச்சில் பங்குச் சந்தைக்கும் வந்தது. என்விடியாவின் உரிம ஒப்பந்தமும் ஒரு கதை சொல்லும். விளையாட்டு கார்டுகளின் மென்பொருளைத் தரவு மையத்தில் பயன்படுத்தக் கூடாது என்று அது விதிக்கிறது. மலிவான கார்டுகளை அடுக்கி யாரும் மண்டபம் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்கிறது. அங்கேயும் பிளாக்செயின் வேலைக்கு மட்டும் விலக்கு!

இந்தச் சொற்பொழிவு அதிகம் நின்று பேச வேண்டிய இடம் வேறு. மின்கட்டணம் யார் பெயரில் வருகிறது?

ஃபோல்டிங் அட் ஹோமின் 2.4 எக்ஸாவுக்கு மின்சாரம் செலவாகாமலா போயிற்று? தன்னார்வலர் ஒவ்வொருவரின் வீட்டு பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அறப்பணி என்பதால் யாரும் கேட்கவில்லை. ஆனால் கார்டை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்று இன்றைய சந்தைத் தளங்கள் கூப்பிடும்போது கேட்டாக வேண்டும். தமிழ்நாட்டு வீடு ஒன்றில் 4090 இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 648 யூனிட், கார்டுக்கு மட்டும். முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப் போகக் கட்டணம் ஏறும் படிமுறை நமது. வீட்டுச் செலவோடு இந்த 648 சேரும்போது பெரும்பாலான யூனிட்டுகள் உயர்ந்த படிகளில்தான் போய் உட்காரும். மே மாதச் சென்னையில் அரை கிலோவாட் அடுப்பைப் படுக்கையறையில் எரியவிட்டால் ஏசி செலவு தனி. கூகுளின் தரவு மையங்கள் கணினிக்கு 100 யூனிட் கொடுத்தால் குளிரூட்டல் முதலான மேற்செலவுக்கு 9 யூனிட்தான் எடுத்துக்கொள்கின்றன. எந்த வீடும் அதற்குப் பக்கத்தில் வராது. வீட்டு கார்டு மலிவாகத் தெரிவதற்கு ஒரு காரணம், வீட்டுக்காரர் தன் மின்சாரத்தைக் கணக்கில் எழுதாததுதான்.

மண்டபக்காரர் மட்டும் எல்லாவற்றையும் எழுதுகிறாரா? அமெரிக்காவில் 13 மாநிலங்களுக்கு மின்சாரம் ஒருங்கிணைக்கும் பிஜேஎம் அமைப்பின் திறன் ஏலத்தில், ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 28.92 டாலராக இருந்த விலை 2024 ஜூலையில் 269.92 ஆயிற்று. பழைய நிலையங்கள் மூடப்பட்டதும் விதிகள் மாறியதும் காரணங்களில் சேர்த்தி. ஆனால் தரவு மையங்களின் பசி முக்கியமானது. அந்த விலை கடைசியில் இறங்குவது குடும்பங்களின் மின்கட்டணத்தில். மெம்ஃபிஸ் நகரில் எக்ஸ்ஏஐ நிறுவனம் பழைய எலக்ட்ரோலக்ஸ் தொழிற்சாலைக்குள் ஒரு லட்சம் ஜிபியு கொண்ட கொலோசஸ் என்ற கணினியை 122 நாளில் நிறுவியதாகப் பெருமை பேசியது. மின்கம்பி வரும்வரை காத்திருக்காமல் எரிவாயு டர்பைன்களை வைத்து ஓட்டியது. சுற்றியுள்ள கறுப்பின மக்களின் குடியிருப்புகள் புகையை எதிர்த்துக் குரல் எழுப்பின. 15 டர்பைன்களுக்கு உள்ளூர்ச் சுகாதாரத் துறையின் அனுமதி 2025 ஜூலையில்தான் வந்தது. அயர்லாந்தில் 2015இல் நாட்டு மின்சாரத்தில் 5 சதவீதம் தரவு மையங்களுக்குப் போயிற்று. 2023இல் 21 சதவீதம், நகர்ப்புற வீடுகள் அத்தனையும் சேர்ந்து எடுத்ததைவிட அதிகம்.

இரண்டு தரப்புமே அடுத்தவர் பையிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் 'நாங்கள் மலிவு' என்கின்றன. மண்டபம் ஊரின் பையிலிருந்து எடுக்கிறது, சிதறல் பங்காளியின் பையிலிருந்து.

பயிற்சி முடிந்தபின் மாதிரியிடம் கேள்வி கேட்டு விடை வாங்கும் வேலை வேறு வகை. அதில் தேர் இழுப்பு குறைவு. 800 கோடி எண் மாதிரியை 4 பிட்டாகச் சுருக்கினால் 5 கிகாபைட்டுக்குள் அடங்கும். ஒரு 4090 அதைச் சிரமமின்றி ஓட்டும். நோயாளிகளின் குறிப்பை வெளியே அனுப்பக் கூடாத மருத்துவமனைக்கும், கட்சிக்காரர் ஆவணத்தைக் காக்க வேண்டிய வழக்கறிஞருக்கும் இதுவே வழி. ஆனால் ஒரு சொல்லுக்கு என்ன விலை என்று பார்த்தால் மண்டபம் இங்கும் முந்தும். மாதிரியின் எண்களை நினைவகத்திலிருந்து ஒருமுறை வாசிக்கும் செலவில் அது பல பேருடைய கேள்விகளுக்குச் சேர்த்து விடை சொல்லிவிடுகிறது. வீட்டு கார்டு ஒரே பயணிக்காக ஓடும் டவுன் பஸ். பெரிய மாதிரியைப் பல வீடுகளுக்குத் துண்டு துண்டாகப் பிரித்து ஓட்டிய 'பெட்டல்ஸ்' திட்டத்தில், 17,600 கோடி எண் கொண்ட புளூம் மாதிரி நொடிக்கு ஏறத்தாழ ஒரு சொல்துண்டு வீதம் பேசியது. ஆய்வுக்குப் போதும். அவசரத்துக்கு உதவாது.

சொல்துண்டு என்றதும் தமிழருக்கென்று ஒரு தனிச் செலவு வந்து நிற்கிறது. வாடகை சொல்துண்டு எண்ணிக்கையில்தான் வசூலாகிறது. 2024இல் ஜிபிடி-4ஓ வெளியானபோது ஓப்பன்ஏஐ தந்த எடுத்துக்காட்டில், ஒரே செய்தி ஆங்கிலத்தில் பழைய முறையில் 27 துண்டு, தமிழில் 116. நான்கு மடங்குக்கு மேல் கட்டணம்! புதிய முறையில் தமிழ் 35 துண்டாகவும் ஆங்கிலம் 24 துண்டாகவும் குறைந்தன. மின்சாரம், கம்பி, சிப்பு எதிலும் கை வைக்காமல் தமிழில் கேட்பவரின் செலவு மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. எழுத்தை எப்படி நறுக்குவது என்ற ஒரு முடிவு அத்தனை வேலை செய்திருக்கிறது.

இந்திய அரசு நடுவழியைத் தேர்ந்தெடுத்தது. 2024 மார்ச்சில் 10,371.92 கோடி ரூபாயில் இந்தியாஏஐ இயக்கம் அறிவிக்கப்பட்டது. அரசு தானே மண்டபம் கட்டவில்லை. பல தனியார் நிறுவனங்களிடமிருந்து ஜிபியு மணிகளை ஏலத்தில் பெற்று 40 சதவீதம் வரை மானியம் கொடுத்து ஆய்வாளர்களுக்கு மணிக்கு 65 ரூபாய் அளவில் தருவதாகச் சொல்லிற்று. நல்ல ஏற்பாடு. ஆனாலும் முதற்சுற்றில் வந்த 18,693 ஜிபியுக்களில் பாதிக்கு அருகில் ஒரே நிறுவனத்துடையவை. சிதறலாகத் தொடங்குவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

தீர்ப்புக் கேட்பவர்களுக்கு: பெருமாதிரிப் பயிற்சி இன்னும் சில ஆண்டுகள் மண்டபத்தில்தான் மலிவு. சிறு மாதிரிகளைத் தமிழுக்குப் பதப்படுத்துவது, பனுவலைத் துப்புரவு செய்வது, ஒலிப்பதிவை எழுத்தாக்குவது எல்லாம் அறுவடை வேலை. அதற்கு அபிலீன் வேண்டாம்.

இங்கே அமர்ந்திருக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஜிபியு இருந்தால் ஒரு பருவம் முழுக்க அது எத்தனை மணி ஓடியது, எத்தனை மணி சும்மா இருந்தது, எத்தனை யூனிட் இழுத்தது என்று நாள்தோறும் எழுதி வையுங்கள். புதுக் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த நோட்டின் நகலையும் இணைத்து அனுப்புங்கள்.